பழைய பூல் டேபிள்: கல்லைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டு விளையாட்டுச் சாமான்களைப் பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை பூல் டேபிள், அதாவது கோலால் பந்தை அடித்து ஓரத்தில் பாக்கெட் என்கிற குழிகளில் தள்ளி ஆடுகிற மேஜை, சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்றுக்கும் பாதி பதில் வந்துவிடுகிறது என்பதால், எல்லாவற்றையும் சேர்த்தே படியுங்கள்.

கோவை வாசகர்: சார், எங்கள் ஏரியாவில் ஒரு ஸ்னூக்கர் பார்லரைக் காலி செய்கிறார்கள். அங்கே கிடக்கும் 8 அடி பூல் டேபிளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஓனர் கேட்கிறார். எங்கள் மாடி ஹால் 18க்கு 14 அடி. துணி கிழிந்திருக்கிறது. ஒரு பக்கம் பந்து மோதினால் ‘தொப்’ என்று சத்தம்தான் வருகிறது, பந்து திரும்பி வருவதில்லை. வாங்கலாமா? என்ன விலைக்குக் கேட்கலாம்?

கிழிந்த துணியை விடுங்கள், அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பழைய டேபிளை வாங்கும்போது துணி நன்றாக இருந்தாலும் அதற்கு ஒரு பைசாகூட மதிப்புப் போடாதீர்கள், ஏனென்றால் டேபிளைப் பிரிக்காமல் மாடிக்கு ஏற்ற முடியாது, பிரித்தால் கழற்றின துணியை மறுபடி இழுத்து ஒட்டினாலும் பழைய இழுப்பு வராது.

முதலில் இடம். 8 அடி டேபிள் என்றால் குஷனுக்குக் குஷன், அதாவது ஓரத்து ரப்பருக்கு ரப்பர், ஆடுகிற பரப்பு 88க்கு 44 அங்குலம். நாலு பக்கமும் க்யூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, வைத்து அடிக்க இடம் வேண்டும், வழக்கமான க்யூ 57 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 16 அடி 10 அங்குலத்துக்கு 13 அடி 2 அங்குலம் வருகிறது. உங்கள் ஹாலில் அடங்கும். ஆனால் அந்த 18க்கு 14, சுவருக்குச் சுவர் அளந்ததா, இல்லை வீடு கட்டும்போது பிளானில் பார்த்ததா? பீரோ, சோபா, சுவரை விட்டு வெளியே வந்து நிற்கிற தூண், எல்லாவற்றையும் கழித்துவிட்டு அளந்து பாருங்கள். அதே பார்லர்க்காரர் 9 அடி டேபிளைக் காட்டி ஆசை மூட்டினால் மயங்க வேண்டாம். அதற்கு 17 அடி 10க்கு 13 அடி 8 வேண்டும், காகிதத்தில் உங்கள் ஹாலுக்குள் அடங்கும், ஆடும்போது முழங்கை சுவரில் இடிக்கும்.

இடம் சரி என்றால் அடுத்தது கல். நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான், மற்றதெல்லாம் மாற்றக்கூடியது. நல்ல டேபிளின் தளம் ஸ்லேட், அதாவது பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல், அங்குலக் கனத்தில். மட்டமான டேபிள்களில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போட்டிருப்பார்கள். நம் ஊர்த் தயாரிப்புகள் சிலவற்றில் மார்பிளோ கிரானைட்டோ இருக்கும். மேலே துணி மூடியிருப்பதால் பார்த்தவுடன் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு டேபிளுக்கு அடியில் போய் மல்லாந்து படுங்கள், ஓனர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. கரும்சாம்பல் நிறத்தில், உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருந்தால் கல். பழுப்பாக, ஓரத்தில் மரத்தூள் உதிர்வதுபோல் இருந்தால் பலகை. அடியில் முழுக்க பிளைவுட் அடித்து மறைத்திருந்தால் பாக்கெட் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். துணி மடிந்து உள்ளே போகிற இடத்தில் தளத்தின் ஓரம் கைக்குச் சிக்கும், கனம் எவ்வளவு என்றும் அங்கேயே தெரிந்துவிடும். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் யோசியுங்கள். 9 அடிப் போட்டி டேபிள்களுக்கு விதிப்படி குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும்.

8 அடி டேபிளில் பெரும்பாலும் கல் மூன்று துண்டாக இருக்கும். துணியின் மேல் நகத்தை வைத்து நீளவாக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் இரண்டு இடத்தில் இணைப்பு தட்டுப்படலாம். அது குறை இல்லை, மறுபடி பொருத்தும்போது சரியாகிவிடும். திருகு ஓட்டையைச் சுற்றி மூளி விழுந்திருந்தாலும் பூசி அடைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைப்பு இல்லாத இடத்தில் குறுக்கே விரிசல் ஓடினால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தத் ‘தொப்’ சத்தம். ரப்பர் செத்துப்போய்விட்டது என்று பார்லர்க்காரரே சொல்லி விலையைக் குறைப்பார், குறைக்கட்டும். பல சமயம் ரப்பரில் ஒரு குறையும் இருக்காது, குஷன் கட்டையைக் கல்லோடு பிடித்திருக்கிற போல்ட் லூசாகியிருக்கும். அடியில் படுத்திருக்கும்போதே ஒரு ஸ்பேனரால் முடுக்கிப் பாருங்கள். முடுக்கியும் அப்படியே இருந்தால், குஷனின் மூக்கை, அதாவது பந்து மோதுகிற முனையை, துணியோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுந்தி உடனே மீள வேண்டும். கட்டையாக இருந்தாலோ, அழுந்தியது அப்படியே நின்றாலோ ரப்பர் போய்விட்டது. ஆடிப் பார்த்தும் சொல்லலாம்: ஒரு முனையிலிருந்து எதிர்க் குஷனின் நடுவே நேராக நல்ல பலத்தோடு அடித்தால், பந்து டேபிளின் நீளத்தைக் குறைந்தது நாலு தடவையாவது ஓடிக் கடக்க வேண்டும். கிழிந்த துணியில் கொஞ்சம் குறையும், அதை விட்டுக்கொடுங்கள்.

மரத்தில் பார்க்க வேண்டியது பாலிஷ் இல்லை, அது உப்புத்தாளும் மெலமைனும் போட்டால் வந்துவிடும். காலின் அடிப்பாகம், கல்லைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள், இந்த இரண்டையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மாவு கொட்டினால் உளுத்துப்போயிருக்கிறது, மண்கோடு ஓடியிருந்தால் கரையான். ஒரு சட்டம் மட்டும் போயிருந்தால் ஆசாரியை வைத்து மாற்றலாம். அடிச்சட்டமே முழுக்கப் போயிருந்தால் கல்லை மட்டும் விலை பேசி வாங்கிப் புதுச் சட்டம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து அது பைத்தியக்காரத்தனம் இல்லை, கொஞ்சம் பொறுமையான வேலை, அவ்வளவுதான்.

விலை என்று ஒரு தொகையை இங்கே எழுத மாட்டேன், ஊருக்கு ஊர் மாறும், அடுத்த மாதமே மாறும். கணக்குப் போடுகிற முறையைச் சொல்கிறேன். புதுத் துணி, தேவைப்பட்டால் ஆறு குஷனுக்கும் ரப்பர், பிரித்து மாட்டுகிறவர் கூலி, வண்டியும் ஆள்கூலியும். இந்த நாலையும் முதலில் விசாரித்துக் காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள். அதே கனத்தில் கல் போட்ட புது டேபிளின் விலையிலிருந்து இதைக் கழித்து, மிஞ்சுவதில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள். காலி செய்கிற தேதி நெருங்க நெருங்க அவர் இறங்கி வருவார், ஏனென்றால் அந்தக் கல்லைத் தூக்கி வைக்க அவருக்கும் இடம் கிடையாது. சும்மாவே கொடுத்தாலும் இந்த நாலு செலவு உங்களுக்கு உண்டு. பல பேருக்கு டேபிளின் விலையை விட அதுதான் அதிகமாகிறது.

மாடி தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். அங்குலக் கனத்தில் 8 அடி டேபிளின் கல் மட்டுமே ஏறத்தாழ 200 கிலோ, மரத்தோடு சேர்த்து 350, 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு நம் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. டேபிள் மூன்றரை சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது, எனவே ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய பாரம் இல்லை. கட்டை பாவிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் மட்டும் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றும்போது: பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுங்கள், கல் துண்டுகளுக்கு அடியில் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதி எந்தப் பக்கம் வாசல் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். போல்ட்களை ஒரே பையில் கொட்டாமல் குஷன், கல், கால் என்று தனித்தனியாக முடியுங்கள். ஒரு துண்டுக் கல் 70 கிலோ வரும், இரண்டு பேர் போதும் என்பார்கள், மாடிப்படி திரும்புகிற இடத்தில் நாலு பேர் வேண்டும். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கக்கூடாது, வண்டியிலும் படுக்கவைக்கக்கூடாது. கண்ணாடிக் கடைக்காரர் கொண்டுபோகிற மாதிரி நெட்டாக நிறுத்தி, நடுவில் பழைய போர்வை கொடுத்துக் கட்டினால் குட்டியானையிலேயே போய்விடும்.

சென்னை வாசகி, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி: ஆன்லைனில் பார்த்து செகண்ட் ஹேண்டில் ஒரு 7 அடி டேபிள் வாங்கினோம். பந்தை எங்கே வைத்தாலும் ஒரே மூலைக்கு ஓடுகிறது. மட்டம் பார்த்தோம், சரியாகத்தான் காட்டுகிறது. மழைக்காலத்துக்குப் பிறகு இன்னும் மோசம்.

மட்டம் எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? மரச்சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் மட்டம்தான் தெரியும். தளத்தின் நடுவில் வையுங்கள், பிறகு நாலு மூலையிலும் வையுங்கள். அதற்கு முன்னால் கொத்தனார் செய்கிற வேலை ஒன்றைச் செய்யுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து, இரண்டு முனையிலும் நூலுக்கு அடியில் ஒரே மாதிரி நாணயத்தை வைத்து விறைப்பாக இழுங்கள். நடுவில் அதே நாணயம் நூலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இரண்டு நாணயம் நுழைகிறது என்றால் தளம் தொய்ந்திருக்கிறது. மழைக்குப் பிறகு மோசம் என்று நீங்களே எழுதியிருப்பதால் அது எம்டிஎஃப் என்று அடித்துச் சொல்வேன். கல்லுக்கு வெயில் மழை தெரியாது.

தொய்வு நடுவில் மட்டும் என்றால் அடியில் குறுக்காக இரண்டு சட்டம் கொடுத்து ஆப்பு வைத்து ஏற்றிக்கொள்ளலாம், ஓரளவு சரியாகும். பலகை ஈரம் குடித்து உப்பியிருந்தால், அதுவும் பாக்கெட் ஓரங்களில், ஒன்றும் செய்ய முடியாது, உப்பின எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. கல் வாங்கி மாற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் டேபிளின் கால்களும் சட்டமும் பலகையைத் தாங்கத்தான் செய்தவை, அதன் மேல் 150 கிலோவை ஏற்றுவது விபரீதம். பசங்கள் ஆடட்டும், ஆடி முடித்து ஆசை மிச்சம் இருந்தால் அடுத்தது கல்லாகப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: எங்கள் ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்லேட்டுக்குப் பதில் கிரானைட் பலகை போட்டால் என்ன?

போடலாம், போட்டு ஆடுகிறார்கள். பளபளவென்று பாலிஷ் போட்டது எல்லாம் தட்டையாக இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சமையல் மேடைக்கு ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் தெரியாது, மெதுவாக உருளும் பந்துக்குத் தெரியும். போட்டி டேபிளுக்கு நீளவாக்கில் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான் இடம் கொடுக்கிறார்கள். பட்டறையில் நீளமான இரும்பு மட்டப்பலகை ஒன்றை மேலே நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஸ்லேட் ஏடு ஏடாகப் பிரியும், வெட்டவும் துளைபோடவும் எளிது, இணைப்புகளை மறுபடி தேய்த்து ஒன்றாக்கலாம். கிரானைட்டில் குஷன் போல்ட் ஓட்டை ஒன்று அரை அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டால் அதோடு போச்சு.

மதுரை வாசகர்: டேபிள் துண்டு துண்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பூட்டுகிற மெக்கானிக் சென்னையிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெரு கார்பெண்டர் நானே செய்கிறேன் என்கிறார். விடலாமா?

கை சுத்தமான ஆசாரி என்றால் விடலாம், நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊரில் ஏதாவது பழைய கிளப் இருந்தால், அங்கே பில்லியர்ட்ஸ் ரூம் மார்க்கரைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஸ்கோர் எழுதுகிறவர் என்றுதான் பெயர், ஆனால் க்யூவுக்கு டிப் ஒட்டுவதிலிருந்து துணி மாற்றுவது வரைக்கும் பல கிளப்பில் அவர்தான். ஒரு நாள் கூலி கொடுத்து மேற்பார்வைக்குக் கூப்பிட்டால்கூட லாபம்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மரச்சட்டத்தை மட்டும் நிறுத்தி மட்டம் பார்க்க வேண்டும். பழைய வீட்டுத் தரைகளில் கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று வாசல் பக்கமோ முற்றத்துப் பக்கமோ வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதனால் தரையை நம்பவே கூடாது. கால்களில் திருகு இருந்தால் அதை வைத்து ஏற்றி இறக்கலாம், இல்லையென்றால் காலுக்கு அடியில் தகடு. சட்டம் மட்டமான பிறகு நடுக் கல்லை முதலில் வைத்து, இரு பக்கக் கல்லையும் அதோடு சேர்க்க வேண்டும். இரண்டு கல் சந்திக்கிற இடத்தில் விரல் நுனியை வைத்துத் தேய்த்தால் ஒரு படி தட்டவே கூடாது. தட்டினால் தாழ்ந்திருக்கிற கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விசிட்டிங் கார்டைச் செருகுங்கள், ஒரு கார்டின் கனம் அதிகம் என்றால் சீட்டுக்கட்டுச் சீட்டு. கேட்க விளையாட்டாக இருக்கும், மெக்கானிக் வந்தாலும் இதைத்தான் செய்வார். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது, குமிழி நடுவில் நின்றாலும் ஒரு மில்லிமீட்டர் வரை ஏமாற்றும். லேத் பட்டறைகளில் மெஷின் மட்டம் பார்க்கிற நுட்பமான லெவல் இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு கல்லைத் திருகி இறுக்கிவிட்டு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும், இறுக்கும்போது நிச்சயம் கொஞ்சம் நகரும். கடைசியாக இணைப்பை அடைக்க வேண்டும். தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறின பிறகு பிளேடால் சீவிச் சமமாக்குவது பழைய முறை. அடுத்த முறை பிரிக்கும்போது கல்லுக்குச் சேதம் வராது என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். மதுரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் மெழுகு இளகிக் குழிவிழ வாய்ப்பு இருக்கிறது, அங்கே கார் டிங்கரிங் கடையில் அடிக்கிற பட்டி சரிப்படும். பட்டி போட்டால் இந்த டேபிள் இனி அடிக்கடி நகராது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

துணி ஒட்டுவதற்கு முன்னால், வெறும் கல்லின் மேலேயே நல்ல பந்து ஒன்றை அகலவாக்கில் மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள். நிற்கப்போகிற நேரத்தில் வளைகிறதா என்று கவனியுங்கள், வேகமாகப் போகும்போது எல்லாப் பந்தும் நேராகத்தான் போகும்.

திருப்பூர் வாசகர்: துணிக்கு எங்கே போவது என்று கேட்டால் ஊரே சிரிக்கும், நான் இருப்பது திருப்பூர். பச்சை நிறத்தில் நல்ல கனமான துணி நானே எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வருகிற துணிக்கு அவ்வளவு காசு எதற்கு?

சிரித்தாலும் பரவாயில்லை, போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஓடுவது பின்னல் துணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். பந்து ஓடும் துணி நெய்த துணியாக இருக்க வேண்டும், கம்பளி நூலும் கொஞ்சம் நைலானும் கலந்தது. பூல் டேபிளுக்குப் பேர்பெற்ற சிமோனிஸ் 860 என்கிற பெல்ஜியம் துணியில் 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் நைலான். வழவழப்பாக, மேலே ரோமம் இல்லாமல் இருக்கும், பந்து வேகமாக ஓடும். ஸ்னூக்கர் துணி வேறு ஜாதி. அதில் ஒரே பக்கம் சாய்ந்த ரோமம் இருக்கும், தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும், அதைச் சாய்ந்த திசையிலேயே பிரஷ் போட்டு இஸ்திரி போட வேண்டும். பூல் டேபிளில் இரண்டையும் பார்க்கலாம், வீட்டுக்கு வழவழத் துணிதான் பராமரிக்கச் சுலபம். நீங்கள் சொல்கிற கனமான பச்சைத் துணியைப் போட்டால் முதல் மாதம் அழகாக இருக்கும், அப்புறம் நடுவில் சுருக்கம் விழும், மறுபடி இழுக்க முடியாது.

காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கூலியில் பிடியுங்கள். குஷன்களுக்குத் துணி மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். குஷன் கட்டையின் மேல்பக்கம் நீளமாக ஒரு காடி ஓடும், அதில் மெல்லிய மரப்பட்டையை அடித்து இறக்கித் துணியைப் பிடித்திருப்பார்கள். பட்டையை உடைக்காமல் நெம்பி எடுங்கள், பழைய துணியை அளவுக்கு வைத்துக்கொண்டு புதியதை வெட்டுங்கள், காடியில் துணியைத் தலைகீழாக வைத்துப் பட்டையை மறுபடி அடித்து இறக்கி, பிறகு ரப்பர் மேல் வளைத்து இழுத்து அடியில் ஸ்டேப்பிள் அடியுங்கள். பாக்கெட் ஓரத்து மடிப்பில்தான் கை தெரியும், சுருக்கமில்லாமல் வர முதல் குஷனில் கொஞ்சம் நேரம் எடுக்கும். தளத்துத் துணியை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். கல்லுக்கு அடியில் மரப்பட்டை பதித்திருந்தால் ஸ்டேப்பிள், வெறும் கல் என்றால் ரப்பர் பசை.

சேலம் வாசகர்: குஷன் ரப்பர் மாற்றினேன். இப்போது பந்து மோதினால் துள்ளுகிறது. ரப்பர் மட்டமா?

ரப்பர் நல்லதாகத்தான் இருக்கும், உயரம் தப்பு. குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் 63 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். பூல் பந்து 57 மில்லிமீட்டர், அப்படியென்றால் மூக்கு தளத்திலிருந்து ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருந்தால் பந்து துள்ளும், மேலே இருந்தால் பந்தை அமுக்கி வேகத்தைக் கொன்றுவிடும். ரப்பரில் பல அச்சு உண்டு, அமெரிக்க பாணி டேபிள்களில் பெரும்பாலும் கே-66, ஸ்னூக்கருக்கும் இங்கிலீஷ் பூலுக்கும் எல் வடிவம். பழைய ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய் அதே அச்சுதான் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கட்டையில் பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டினாலும் கோணம் மாறிவிடும், கழற்றும்போது அதையும் பாருங்கள். ரப்பரில் குறை இல்லை என்றால் பந்தை அளந்து பாருங்கள், ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான், அதற்கு அமைத்த குஷனில் பெரிய பூல் பந்து துள்ளும், பழைய செட்டுகளில் இரண்டும் கலந்து கிடக்கும்.

ஊட்டி வாசகி: ஸ்னூக்கர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு டேபிள் இல்லாமல் இருப்பதா என்று கணவர் ஒன்றை வாங்கிவிட்டார். துணி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது போல் ஒரு உணர்வு, பந்தும் ஓடுவதில்லை.

பிறந்தது ஜபல்பூரில், 1875இல், நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி ஆரம்பித்தது. விதிகளை எழுதி மாட்டியது உங்கள் ஊட்டி கிளப்பில், 1882இல். ஆகவே கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

கம்பளி ஈரத்தைக் குடிக்கும், குடித்த துணியில் பந்து நகராது. பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் கல்லுக்கு அடியில் ஹீட்டர் வைத்துத் துணியைக் காயவைப்பது இதனால்தான். வீட்டில் அதெல்லாம் வேண்டாம், அறைக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் ஒன்று வைத்து ஜன்னலைச் சாத்திவையுங்கள். ஆடாதபோது பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணி போதும். டேபிளுக்கு அடியில் கரி அடுப்பு வைக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். கூடாது, மூடின அறையில் அது உயிருக்கே ஆபத்து.

காரைக்குடி வாசகர்: பூர்வீக வீட்டில் தாத்தா காலத்து 12 அடி பில்லியர்ட்ஸ் டேபிள் இருக்கிறது. வெட்டிப் பூல் டேபிளாக மாற்றலாம் என்கிறார் ஒருவர். கூடவே ஒரு பெட்டியில் தந்தப் பந்துகளும் இருக்கின்றன, என்ன விலை போகும்?

வெட்டச் சொன்னவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தக் கல் ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலக் கனம் இருக்கும், எட்டுக் கால், மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். 22க்கு 16 அடி இடம் இருந்தால் தாராளமாக ஆடலாம், உங்கள் ஊர் வீடுகளில் அதற்கா பஞ்சம்? துணி, ரப்பர், பாக்கெட் வலை மூன்றையும் மாற்றினாலே டேபிள் எழுந்துவிடும். மரத்தில் பழைய அரக்குப் பாலிஷ் இருந்தால் இழைத்துத் தள்ளாமல் அதன் மேலேயே பிரெஞ்ச் பாலிஷ் ஏற்றச் சொல்லுங்கள். டேபிளில் பித்தளையிலோ தந்தத் தகட்டிலோ தயாரித்த கம்பெனிப் பெயர் பதித்திருக்கும், அதைக் கழற்றித் தொலைத்துவிடாதீர்கள்.

பந்துக்கு விலை கேட்காதீர்கள். யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தாத்தா காலத்தது என்று சொல்லியும் தப்ப முடியாது. ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். ஆடுவதற்கு பினாலிக் ரெசின் பந்து வாங்குங்கள், பெல்ஜியத்தின் அராமித் போல. தந்தத்தை விட உருண்டையாகவும் இருக்கும்.

ஈரோடு வாசகி: ஆசையாக டேபிள் வாங்கிப் போட்ட ஒரு மாதத்துக்குள் அதன் மேல் காய்ந்த துணி மடிப்பதும், பேரன் ஏறி உட்கார்வதும்தான் நடக்கிறது. பலகை போட்டுச் சாப்பாட்டு மேஜையாகவும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். முக்கால் அங்குல பிளைவுட்டை மூன்று துண்டாக வெட்டி, அடியில் ஃபெல்ட் ஒட்டி, குஷன் கட்டையின் மேல் உட்காரும்படி செய்யுங்கள், ஒரே துண்டாகச் செய்தால் தூக்கி வைக்கச் சோம்பல்பட்டு அப்படியே கிடந்துவிடும். டேபிளின் உயரம் தரையிலிருந்து 30 அங்குலம் வாக்கில் இருக்கும், மேலே பலகையும் சேர்ந்தால் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், நாற்காலியில் மெத்தை போட்டால் சரியாகிவிடும். பேரனை மட்டும் இறக்கிவிடுங்கள், கல்லுக்கு ஒன்றும் ஆகாது, குஷன் கட்டையின் போல்ட் நெகிழும். சாம்பார் சிந்தினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பச்சைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொரு முறை ஒற்றுங்கள். மஞ்சள் கறை போகாது.